பேச இயலாதவருக்காகப் பேசுதல்: தென் கொரியாவின் பதினான்கு ஆண்டுகள்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 31:8, 9; சங்கீதம் 146:3



பேச இயலாதவருக்காகவும் ஆதரவற்றவருக்காகவும் வாய் திறக்கும்படி ஒரு தாய் அரசனாகிய தன் மகனுக்குச் சொன்ன அறிவுரை, நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. அரண்மனையில் வாழ்பவனுக்குச் சிறையில் வாடுபவனின் குரல் கேட்பதில்லை என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தாள். அரசனுக்குச் சொல்லப்பட்ட இந்த வார்த்தை அரசுகளுக்கும் பொருந்துமா? ஒரு நாட்டில் மனித உரிமைகள் மிதிக்கப்படும்போது மற்றொரு நாடு வாய் திறப்பதால் ஏதேனும் பயன் உண்டா? அது அயலார் காரியத்தில் தலையிடுதல் என்று சிலர் ஒதுக்குகின்றனர். வல்லரசு ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறு சிலர் எதிர்பார்க்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களையும் சோதித்துப் பார்க்கத் தக்க ஒரு வரலாறு தென் கொரியாவில் 1973 முதல் 1987 வரை நிகழ்ந்தது. இவ்வாரம் அதைத் தியானிப்போம்.

1961ஆம் ஆண்டு மே மாதம் இராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீ, நாட்டைத் தொழில் வளர்ச்சியின் பாதையில் நடத்தினார். ஆனால் எதிர்ப்பவரை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. 1971ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் கிம் டே ஜுங் என்னும் எதிர்க்கட்சி வேட்பாளர் ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது அவரைக் கலங்கச் செய்தது. 1972 அக்டோபரில் அவர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். தம் ஆட்சிக்கு முடிவே இராதபடி புதிய அரசியல் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார். மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை பறிக்கப்பட்டது.

அக்காலத்தில் ஏறத்தாழ 40,000 அமெரிக்கப் படைவீரர்கள் தென் கொரியாவில் இருந்தனர். வடக்கிலிருந்து மீண்டும் போர் வருமோ என்ற அச்சம் நாட்டை விட்டு நீங்கவில்லை. ஆகையால் அமெரிக்காவின் சொல்லுக்குச் சியோலில் எடை இருந்தது. அதே அச்சம் அமெரிக்காவின் வாயையும் பலமுறை அடைத்தது. பின்வரும் நிகழ்ச்சிகள் அனைத்திலும் இந்த இரட்டை நிலையைக் காணலாம்.

கடலில் ஓர் இரவு

1973 ஆகஸ்ட் 8ஆம் தேதி, தோக்கியோவின் விடுதி ஒன்றிலிருந்து கிம் டே ஜுங் கடத்தப்பட்டார். கடத்தியவர்கள் தென் கொரிய உளவுத்துறையினர். அவரை ஒரு கப்பலில் ஏற்றி, கை கால்களைக் கட்டி, உடலில் பாரங்களைப் பிணைத்தனர். கடலில் எறியப்படப் போவதாக உணர்ந்த அந்த நேரத்தில் தாம் ஜெபித்ததாகவும், இயேசு தம் அருகில் நிற்பதைக் கண்டதாகவும், தம்மைக் காப்பாற்றும்படி அவரைப் பற்றிக்கொண்டு கெஞ்சியதாகவும் கத்தோலிக்க விசுவாசியான கிம் பிற்காலத்தில் சாட்சி பகர்ந்தார். அச்சமயம் வானில் விமானத்தின் இரைச்சல் கேட்டதாகவும், அதன்பின் கட்டுகள் தளர்த்தப்பட்டதாகவும் அவர் கூறினார். ஐந்து நாட்களுக்குப் பின் சியோலில் அவருடைய வீட்டின் அருகே அவர் விடப்பட்டார்.

அந்நாட்களில் சியோலில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஃபிலிப் ஹபீப். கடத்தல் செய்தி கிடைத்ததும், வாஷிங்டனின் உத்தரவுக்காக நாட்களைக் கடத்தாமல், கிம்மின் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் இரு நாடுகளின் உறவு பெரிதும் கெடும் என்று கொரிய அரசின் உயர் மட்டத்தில் அவர் எச்சரித்தார். ஜெபித்தவர் ஒருவர், தாமதியாமல் பேசியவர் மற்றொருவர். ஒருவர் செய்ததை மற்றவர் அறியவில்லை. தேவன் இவ்விருவர் செயலையும் ஒரே காரியத்துக்காகப் பயன்படுத்தினார் என்று விசுவாசிப்பதற்கு நமக்குத் தடையேதும் இல்லை.

ஜெபத்தில் சொல்லப்பட்ட எட்டுப் பெயர்கள்

எல்லா எச்சரிக்கைகளும் பலன் தரவில்லை. 1974ஆம் ஆண்டு, வடகொரியாவுக்கு ஆதரவாகச் சதி செய்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் பிரபலமானவர்கள் அல்லர். அவர்களுக்காகப் பரிந்து பேசுபவரும் கம்யூனிஸ்டு என்று முத்திரை குத்தப்படும் நிலையில், அவர்களுடைய மனைவியர் கதவு கதவாக ஏறி இறங்கினர்.

சியோலில் கைதிகளுக்காக வியாழக்கிழமைதோறும் ஓர் ஜெபக்கூட்டம் நடைபெற்று வந்தது. 1974 அக்டோபரில் அக்கூட்டத்தில் அமெரிக்க மெதடிஸ்டு மிஷனரியான ஜார்ஜ் ஓகிள் அந்த எட்டுப் பேருக்காக வெளிப்படையாக ஜெபித்தார். அவர்களுக்கு எதிரான சான்றுகள் இல்லை என்று எடுத்துரைத்தார். இன்சோன் நகரின் தொழிலாளரிடையே பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர் அவர். உளவுத்துறை அவரை அழைத்து விசாரித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

1975 ஏப்ரல் 8ஆம் தேதி உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மறுநாள் விடிவதற்குள் எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டனர். உலகின் குரல் எழும்புவதற்கு அரசு இடமே கொடுக்கவில்லை. அந்த வழக்கு சித்திரவதையால் புனையப்பட்டது என்பது பின்னாளில் வெளிவந்தது. 2007ஆம் ஆண்டு சியோல் நீதிமன்றம் எட்டுப் பேரும் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஓகிளின் ஜெபம் வீணானதா? அவர்களுடைய உயிரை அது காக்கவில்லை. ஆயினும், அவர்களை நாடு மறந்துவிட வேண்டும் என்று ஆள்வோர் விரும்பிய வேளையில், அவர்களுடைய பெயர்கள் தேவசந்நிதியில் உரத்துச் சொல்லப்பட்டன. அங்கிருந்து அச்செய்தி கடல் கடந்து பல திருச்சபைகளையும் அமெரிக்கச் சட்டமன்றத்தையும் எட்டியது.

கார்ட்டரும் குவாங்ஜுவும்

1977இல் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர், மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் நடுவில் வைத்தார். ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 1979 ஜூன் இறுதியில் சியோலுக்கு வந்தபோது, பார்க்குடன் நடந்த பேச்சு கசப்பாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளின் பெயர்ப் பட்டியல் கொரிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. விடைபெறும் வேளையில் காரில் பார்க்கிடம் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியும் கார்ட்டர் பேசினார். அடுத்த மாதங்களில் கைதிகள் சிலர் விடுதலையாயினர். ஆனால் அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தன் கண்டனத்தைத் தெரிவிக்கும்படி அமெரிக்கா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பூசான், மாசான் நகரங்களில் மக்கள் கொதித்தெழுந்தனர். அக்டோபர் 26ஆம் தேதி, பார்க்கின் சொந்த உளவுத்துறைத் தலைவரே அவரைச் சுட்டுக்கொன்றார்.

விடுதலை வந்துவிட்டது என்று மக்கள் எண்ணினர். டிசம்பர் 12ஆம் தேதி இரவு, சுன் டூ ஹ்வான் என்னும் தளபதி இராணுவத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். 1980 மே 17ஆம் தேதி இராணுவச் சட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. கிம் டே ஜுங் மீண்டும் கைதானார். மறுநாள் குவாங்ஜு நகரில் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். பாராசூட் படையினர் அவர்களைத் தடியாலும் துப்பாக்கி முனையாலும் தாக்கினர். நகர மக்கள் எழுந்து படைகளை வெளியேற்றினர். சில நாட்கள் அந்நகரம் தன்னைத்தானே ஆண்டது. மே 27ஆம் தேதி விடியற்காலையில் இராணுவம் நுழைந்து எல்லாவற்றையும் முடித்தது. இறந்தவர் ஏறத்தாழ இருநூறு பேர் என்று அரசு சொன்னது. உண்மையான தொகை இதனினும் மிகுதி என்று குடும்பத்தார் பலர் கூறினர்.

அந்நாட்களில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கொரியாவை நோக்கி வருகிறது என்ற செய்தி குவாங்ஜுவில் பரவியது. தங்களைக் காக்கவே அது வருகிறது என்று போராட்டக்காரர் பலர் நம்பினர். உண்மையில் அது வடகொரியாவை எச்சரிப்பதற்காக அனுப்பப்பட்டது. மே 22ஆம் தேதி வெள்ளை மாளிகையில் கூடியவர்கள், முதலில் ஒழுங்கு நிலைநாட்டப்பட வேண்டும், அரசியல் சீர்திருத்தம் பிறகு என்ற முடிவுக்கு வந்தனர். கூட்டுப் படைத்தலைமையின் கீழிருந்த கொரியப் படைப்பிரிவு ஒன்றைக் குவாங்ஜுவுக்கு அனுப்புவதற்கும் அமெரிக்கா மறுப்புச் சொல்லவில்லை. மனித உரிமையைத் தன் கொடியில் எழுதிய அதே ஆட்சிதான் இதைச் செய்தது. மனுபுத்திரனை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கும் சங்கீதத்தை குவாங்ஜு மக்கள் தங்கள் இரத்தத்தால் கற்றுக்கொண்டனர்.

பிரியமானவர்களே, திருச்சபைக்கும் இங்கே ஓர் எச்சரிப்பு உண்டு. குவாங்ஜுவின் காயம் ஆறாத 1980 ஆகஸ்டு மாதத்தில், நாட்டின் முன்னணிப் போதகர்கள் பலர் சியோலின் விடுதி ஒன்றில் கூடி, சுன் டூ ஹ்வானுக்காகக் காலை ஜெபக்கூட்டம் நடத்தினர். அது தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்க வேதம் கற்பிக்கிறது, அதில் பிழையில்லை. ஆனால் வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லப்பட்ட பெயர்களை அந்த மேசையில் ஒருவரும் சொல்லவில்லை.

ஓர் உயிருக்கு ஒரு விருந்து

1980 செப்டம்பர் 17ஆம் தேதி, குவாங்ஜு எழுச்சியைத் தூண்டினார் என்று இராணுவ நீதிமன்றம் கிம் டே ஜுங்குக்கு மரண தண்டனை விதித்தது. எழுச்சி தொடங்குவதற்கு முன்பே அவர் காவலில் இருந்தார் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. தம் இறுதி வாக்குமூலத்தில் அவர், ஜனநாயகம் ஒருநாள் திரும்பும் என்று உறுதியாகக் கூறினார். அது திரும்பும் நாளில் தம் பொருட்டு யாரும் பழிவாங்கக் கூடாது என்றும் தம்முடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டார்.

இம்முறை உலகம் பேசியது. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் சுன்னுக்குக் கடிதம் எழுதி இரக்கம் கோரினார். ஜப்பானிலிருந்தும் மேற்கு ஜெர்மனியிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. தேர்தலில் தோற்றுப் பதவியிலிருந்து இறங்கவிருந்த கார்ட்டர், தம் பாதுகாப்பு அமைச்சர் ஹெரால்ட் பிரவுனை டிசம்பரில் சியோலுக்கு அனுப்பினார். ஆனால் போகிறவரின் சொல்லைவிட வருகிறவரின் சொல்லே சுன்னுக்கு முக்கியமாயிருந்தது. அடுத்துப் பதவியேற்கவிருந்த ரொனால்ட் ரீகனின் ஆலோசகர் ரிச்சர்ட் ஆலன், கொரியத் தளபதிகளுடன் இரகசியமாகப் பேசினார். கிம் கொல்லப்படக் கூடாது. அதற்கு ஈடாக சுன் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்படுவார். இதுவே உடன்பாடு.

1981 ஜனவரி 23ஆம் தேதி மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பிப்ரவரி 2ஆம் தேதி வெள்ளை மாளிகையில் சுன் வரவேற்கப்பட்டார். குவாங்ஜுவில் பிள்ளைகளை அடக்கம் செய்த தாய்மார் அந்தப் புகைப்படத்தைச் செய்தித்தாளில் காண வேண்டியிருந்தது. ஓர் உயிர் தப்பியது; அதன் விலையாக ஒரு கொடுங்கோலர் கௌரவிக்கப்பட்டார். இதை வெற்றி என்பதா, சமரசம் என்பதா? இரண்டும்தான். பாவத்தில் விழுந்த உலகில் அரசுகள் செய்யும் நன்மை பெரும்பாலும் இத்தகைய கலப்புடனேயே வருகிறது. இஸ்ரவேலரைச் சிறையிருப்பிலிருந்து அனுப்பிய கோரேசும் கர்த்தரை அறியாதவனே என்று ஏசாயா கூறுவதை நினைவில் கொள்வோம்.

சிறையிலிருந்து மாதம் ஒரு கடிதம் எழுதக் கிம்முக்கு அனுமதி கிடைத்தது. அஞ்சலட்டை அளவுள்ள ஒரே தாளில், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய எழுத்தில், விசுவாசத்தையும் மன்னிப்பையும் வரலாற்றையும் குறித்துத் தம் குடும்பத்தாருக்கு அவர் எழுதினார். மெதடிஸ்டு விசுவாசியான அவருடைய மனைவி லீ ஹீ ஹோ அவருக்கு இடைவிடாமல் கடிதங்கள் எழுதினார். 1982 டிசம்பரில் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல அவர் அனுமதிக்கப்பட்டார். 1985 பிப்ரவரி 8ஆம் தேதி அவர் நாடு திரும்பியபோது, அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட ஒரு குழுவினர் அவருடன் விமானத்தில் பயணம் செய்தனர். பதினெட்டு மாதங்களுக்கு முன், பிலிப்பைன்ஸின் எதிர்க்கட்சித் தலைவர் பெனிங்கோ அக்கினோ நாடு திரும்பிய வேளையில் மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். சில வேளைகளில் அறிக்கைகள் போதாமற்போகின்றன. ஆபத்தில் இருப்பவரோடு உடன்நடக்க வேண்டியிருக்கிறது.

1987 ஜூன்

1987 ஜனவரியில் பார்க் ஜோங் சோல் என்னும் மாணவர் காவல்துறையின் சித்திரவதையில் உயிரிழந்தார். அதிகாரி ஒருவர் மேசையைத் தட்டியபோது அவர் அதிர்ந்து இறந்துவிட்டதாகக் காவல்துறை கூறியது. மே 18ஆம் தேதி, குவாங்ஜுவின் நினைவுத் திருப்பலி நடந்த மியோங்டாங் பேராலயத்தில், நீதிக்கான கத்தோலிக்கக் குருக்கள் அமைப்பினர் உண்மையான குற்றவாளிகள் மறைக்கப்பட்டதை வெளிப்படுத்தினர். அதற்கு முந்தைய மாதமே, மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல் குறித்த பேச்சுக்கு இடமில்லை என்று சுன் அறிவித்திருந்தார். ஜூன் 10ஆம் தேதி நாடெங்கும் மக்கள் திரண்டனர். மாணவருடன் அலுவலக ஊழியரும் கடைக்காரரும் சேர்ந்துகொண்டனர்.

அன்றிரவு நூற்றுக்கணக்கான மாணவர்கள் மியோங்டாங் பேராலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். காவல்துறை உள்ளே நுழைய ஆயத்தமானது. கர்தினால் ஸ்டீபன் கிம் சூ ஹ்வான் அவர்களிடம் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: முதலில் நீங்கள் என்னைக் காண்பீர்கள், எனக்குப் பின்னே குருக்கள் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னே கன்னியர் நிற்பார்கள், எங்கள் எல்லோரையும் தாண்டித்தான் மாணவரை அடைய முடியும். காவல்துறை உள்ளே நுழையவில்லை.

ஜூன் 19ஆம் தேதி காலை, படைகளை நகரங்களுக்குள் அனுப்ப ஆயத்தம் செய்யும்படி சுன் கட்டளையிட்டார். இன்னொரு குவாங்ஜு நெருங்கியது. அன்று பிற்பகல் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் லில்லி அவரைச் சந்தித்தார். சந்திப்புக்கு முதலில் தயக்கம் காட்டப்பட்டது. கடிதத்தை நேரில்தான் கொடுப்பேன் என்று லில்லி விடாமல் நின்றார். ரீகனின் கடிதம் நண்பருக்கு எழுதும் மென்மையான நடையில் அமைந்திருந்தது. லில்லியின் வாய்மொழி அவ்வளவு மென்மையாக இல்லை. இராணுவச் சட்டம் வந்தால் இரு நாட்டு உறவே ஆட்டம் காணும், குவாங்ஜுவின் துயரம் மீண்டும் நிகழும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அன்றே படை நகர்வு நிறுத்தப்பட்டது. ஜூன் 29ஆம் தேதி, ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ டே வூ, நேரடித் தேர்தலையும் கிம் டே ஜுங்கின் உரிமைகளை மீட்டளிப்பதையும் அறிவித்தார்.

அந்தக் கடிதம் மட்டுமே சுன்னைத் தடுத்தது என்று சொன்னால் அது வீதியில் நின்றவர்களுக்கு அநீதியாகும். அடுத்த ஆண்டு சியோலில் ஒலிம்பிக் போட்டி நடைபெறவிருந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. இராணுவத்துக்குள்ளும் தயக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இலட்சக்கணக்கான மக்கள் அஞ்சாமல் நின்றனர். 1980இல் வாய் திறக்காத அமெரிக்கா 1987இல் பேசியதற்கு, குவாங்ஜுவுக்குப் பின் கொரிய இளைஞரிடம் எழுந்த கசப்பும் ஒரு காரணம். உள்ளே இருந்தவர்கள் விலை கொடுத்தபின்னரே வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு வலிமை கிடைத்தது. ஆயினும் அந்தப் பிற்பகலில் அந்தச் சொல் சொல்லப்படாதிருந்தால், எத்தனை வீடுகளில் அழுகை கேட்டிருக்குமோ!

பழி தீர்க்காத முடிவு

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் கிம் டே ஜுங்கும் கிம் யங் சாமும் தனித்தனியே போட்டியிட்டு வாக்குகளைப் பிரித்தனர். ரோ டே வூ வென்றார். வல்லரசு எதுவும் அந்தப் பிளவைச் சரிசெய்ய முடியவில்லை. கிம் டே ஜுங் மேலும் பத்து ஆண்டுகள் காத்திருந்து, 1997 டிசம்பரில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நேரத்தில் சுன் டூ ஹ்வான் குவாங்ஜு படுகொலைக்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். அவருக்கு முதலில் விதிக்கப்பட்டதும் மரண தண்டனையே. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. கிம்மின் இசைவுடன் அவருக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. 1980இல் மரணத்தின் வாசலில் நின்று சொன்னதைக் கிம் காப்பாற்றினார். அந்த மன்னிப்பைக் குவாங்ஜுவின் தாய்மார் பலர் ஏற்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. தன் காயத்தை மன்னிக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறருடைய காயத்தை அவன் எளிதாக மன்னித்துவிட முடியாது. கிம்மின் ஆட்சியில் தென் கொரியாவில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. அன்று தொடங்கி இன்றுவரை அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நம்மில் பெரும்பாலோர் தூதர்களும் அல்லர், அமைச்சர்களும் அல்லர். ஆனால் ஜார்ஜ் ஓகிளின் கையிலும் அதிகாரம் ஏதும் இருக்கவில்லை. எட்டுப் பெயர்களும் ஒரு ஜெபக்கூட்டமும் மட்டுமே இருந்தன. அங்கே சிறுகச் சிறுகச் சொல்லப்பட்ட சாட்சிகளே காலப்போக்கில் தூதரகங்களின் மேசைகளையும் மன்றங்களின் வாசல்களையும் எட்டின. பலன் தெரியாத காலத்திலும் பேசியவர்கள் இருந்தபடியால்தான், பலன் தரும் காலம் வந்தபோது கேட்கச் சில காதுகள் இருந்தன.

ஆகையால் இந்த வாரம் நம் குடும்ப ஜெபத்தில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். நம் ஜெபங்களில் யாருடைய பெயர்கள் இடம்பெறுகின்றன? உயர்ந்த மேசைகளில் அமர்ந்திருப்போரின் பெயர்கள் மட்டும்தானா? பொதுவாகச் சிறைப்பட்டோருக்காக என்று கடந்துசெல்லாமல், ஒரு நாட்டையேனும், ஒரு கைதியையேனும் பெயர் சொல்லி நினைப்போமா? செய்தித்தாளில் நாம் விரைந்து புரட்டிவிடும் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கக்கூடும்.

ஜெபிப்போம்: நீதியின் தேவனே, பேச இயலாதவருக்காக வாய் திறக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். அதிகாரத்தில் இருப்போர் தயங்கும் வேளையில் அவர்களுடைய மனதை அசைத்தருளும். எங்கள் நம்பிக்கையை மனிதர்மேல் வைக்காமலும், மனிதர் செய்யும் நன்மையை இகழாமலும் நடக்க எங்களுக்குப் போதியும். ஆமென்.